மரபியல் பிஎச்டி சீட்டுக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: என் மகள் மனித மரபியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டாள். பிஎச்டி சேர்க்கைக்கு உதவும் தேசிய அளவிலான நெட் தேர்வில் தேறவில்லை. நான்கு லட்சம் கொடுத்தால் பிஎச்டி சீட், தீசிஸ் (ஆய்வேடு), ஆய்வுக் கட்டுரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். நம்பலாமா?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முன்பணமும் வேண்டாம்.

மனித மரபியல் ஆய்வு என்றால் நோயுள்ள குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும், சம்மதம் வாங்கி ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இதில் எதை அந்த ஏஜென்ட் செய்வார்? எண்களை இட்டுக்கட்டுவார், இல்லையென்றால் வேறொருவர் தீசிஸை வெட்டி ஒட்டுவார். பட்டம் கிடைத்த பிறகு அந்த தீசிஸ், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி 60 சதவீதத்துக்கு மேல் நகல் இருந்தால் பதிவே ரத்து. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியதும் உங்கள் மகள்தான். அப்போது ஏஜென்ட்டின் போன் அணைந்திருக்கும்.

நெட் போனதால் எல்லாம் போய்விடவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை எழுதலாம். பல்கலைக்கழகமே தனியாக நுழைவுத் தேர்வு வைத்தால் அதையும் எழுதலாம். ஆனால் நெட்டில் முன்னணியில் தேறுபவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அந்தப் பணமும் மாதாமாதம் வராது. படித்த பிள்ளைகள் பல மாதம் கடன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், கேட்க நாதியில்லை. என் மாணவி ஒருத்தி உதவித்தொகை அனுமதிக் கடிதத்துக்காகவே எட்டு மாதம் காத்திருந்தாள். ஆய்வை முடிக்க வேண்டிய காலக்கெடு மட்டும் அவளுக்காக நிற்கவில்லை.

கைடு விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். யுஜிசியின் 2022 விதிப்படி, ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரைச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு: ஓய்வு வரை அவரே கைடு, அதன்பின் 70 வயது வரை இணை வழிகாட்டியாக இருக்கலாம். அதாவது ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருப்பவரிடம் மகள் சேர்ந்தால், நடுவில் பிரதான கைடு மாறுவார். புது ஆளுக்கு அந்தத் தலைப்பில் அக்கறை இல்லாவிட்டால் வேலை படுத்துவிடும். ஓய்வுத் தேதியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல், மூலக்கூறு உயிரியல் துறை இருக்கிறது. சென்னையில் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையும், போரூரில் ராமச்சந்திரா பல்கலைக்கழகமும் உண்டு. மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பேராசிரியரைப் பார்த்தபின் ஆய்வகத்தில் இருக்கும் மூத்த மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள்: ஃபெலோஷிப் கடைசியாக எந்த மாதம் வந்தது, இந்தக் கைடிடம் தீசிஸ் கொடுக்க எத்தனை ஆண்டு ஆனது. ப்ராஜெக்ட் வேலை காலியாக இருந்தால் மகள் முதலில் அதில் ஓராண்டு சேரட்டும். சம்பளத்தோடு வேலையும் பழகும், நெட்டுக்கும் படிக்கலாம்.