ட்ரோபோனின் 4,200 என்றால் அப்பாவுக்கு இனி என்ன ஆகும்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மூன்று வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரிப்போர்ட்டில் ட்ரோபோனின் டி 4,200, டிஸ்சார்ஜ் அன்று என்டி-ப்ரோபிஎன்பி 1,850 என்று இருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி பார்க்க லேப்பில் பேக்கேஜ் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். முக்கியமாக, ட்ரோபோனினை மறுபடி பார்க்கவே வேண்டாம். இதயத் தசை செல்கள் சாகும்போது ரத்தத்தில் கசிகிற புரதம் அது. லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே கவனிப்பார்கள் என்பதால் 4,200 பயமுறுத்தத்தான் செய்யும். ஆனால் அந்த எண் சொல்வது நடந்து முடிந்த சேதத்தை. பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தானே இறங்கிவிடும், இப்போது பார்த்து புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. மறுபடி நெஞ்சுவலி வந்தால் கதை வேறு, அப்போது லேப்புக்கு அல்ல, நேராக 108-க்குப் போன் பண்ணுங்கள்.

இனி நடக்கப்போவதைப் பற்றி அதிகம் பேசுவது அந்த இரண்டாவது எண்தான். இதயத்தின் கீழறை ரத்தத்தைத் தள்ள முடியாமல் விரிந்து இழுபடும்போது சுரப்பது என்டி-ப்ரோபிஎன்பி. மாரடைப்புக்குப் பிறகு இது உயர்ந்தே நிற்பவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு அதிகம். 1,850 கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் கிட்னி பலவீனமாக இருந்தாலும், வயது கூடினாலும் இது ஏறும், உடல் பருமனாக இருந்தால் குறைத்தும் காட்டும். அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உங்கள் டாக்டர் சொன்னால் அடுத்த ரிவியூவில் அதே லேப்பில் இதே டெஸ்டை எடுங்கள் (பிஎன்பி என்பது வேறு டெஸ்ட், இரண்டின் எண்களையும் ஒப்பிட முடியாது). நன்றாக இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. இறங்கவில்லை என்றால் எக்கோவில் (இதயத்துக்கான ஸ்கேன்) இதயம் எவ்வளவு பம்ப் செய்கிறது என்று பார்த்து மாத்திரையை மாற்றுவார்கள். சொல்லப்போனால், என்னைக் கேட்டால் முதலில் அந்த எக்கோ ரிப்போர்ட்டைத்தான் கேட்பேன்.

உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்எஸ்-சிஆர்பி டெஸ்டும் பேக்கேஜில் இருக்கலாம், அதுவும் இப்போது வேண்டாம். மாரடைப்பே உடம்பில் அழற்சியைக் கிளப்பிவிடும், அந்தச் சூட்டில் எடுத்தால் எண் எகிறித்தான் இருக்கும், வீண் பயம்தான் மிச்சம்.

காசு செலவழிக்க வேண்டிய டெஸ்ட்கள் சாதாரணமானவை. ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) ஆரம்பித்து நாலு முதல் ஆறு வாரத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால்: 55-க்குக் கீழே வர வேண்டும். லேப் தாளில் 100 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும், அது அப்பாவுக்குப் பொருந்தாது, அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை), கிரியாட்டினின், பொட்டாசியம். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அவருக்கு அது அதிகமாக இருந்தால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: காலையில் பாத்ரூம் போய் வந்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை அடுக்கச் சொன்னாலோ ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.