கறுப்பு ஒப்டிமஸ் வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில். இம்முறை உருமாறும் ரொபோ பொம்மைகள். பதில் சொல்பவர் ஹட்டன் நகரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், பொம்மை சேகரிப்பவர்.

கேள்வி: என்னிடம் டிரான்ஸ்போமர்ஸ் கதையின் நாயகன், லொறியாக மாறும் ஒப்டிமஸ் பிரைம் இருக்கிறது. ஜப்பானின் தகரா டோமி வெளியிட்ட எம்.பி.-10 (சேகரிப்பவர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசை), வழக்கமான சிவப்பு–நீலம். டுபாயில் இருக்கும் அண்ணன் அதே பொம்மையின் கறுப்பு நிற வெளியீட்டைக் கொண்டு வருவதாகச் சொல்கிறார். மனைவியோ, "அதே சாமானுக்கு வேறு நிறம் பூசி இன்னொரு தரம் காசு பறிக்கிறார்கள்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஓர் ஆசிரியர், பண்டாரவளை

பதில்: சேர், டீச்சரம்மாவிடம் சொல்லுங்கள், அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் அந்த வேலை நேற்று தொடங்கியதல்ல. டிரான்ஸ்போமர்ஸ் என்ற சாமானே அப்படித்தான் பிறந்தது.

1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இந்தப் பெயரில் கடைக்குக் கொண்டுவந்த பொம்மைகள் ஜப்பானில் தகரா (இன்றைய தகரா டோமி) ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவை. டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற இரண்டு வரிசைகளிலிருந்து எடுத்து, பெயரும் கதையும் கொடுத்தார்கள். அந்த முதல் வருடத்திலேயே ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூன்றும் ஒரே எஃப்-15 விமானம். ஒன்று சாம்பல், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. அயன்ஹைடும் ராட்செட்டும் ஒரே வான். ஒருவர் சிவப்பு, மற்றவர் வெள்ளை அம்பியூலன்ஸ். ப்ரௌல், ப்ளூஸ்ட்ரீக், மறுவருடம் வந்த ஸ்மோக்ஸ்க்ரீன் மூவருக்கும் ஒரே டட்சன் கார். நிறம் மாற்றியதை வாங்கமாட்டேன் என்று ஒருவர் விரதம் இருந்தால் அவருடைய அலுமாரியில் பாதி காலியாகத்தான் இருக்கும்.

அதனால் நான் பார்ப்பது வேறு. நிறம் மாறும்போது ஆளும் மாறுகிறாரா? ப்ரௌல் பொலிஸ் கார். கறுப்பு வெள்ளை, கூரையில் விளக்கு, கதவில் எழுத்து. ஸ்மோக்ஸ்க்ரீன் ஓட்டப்பந்தயக் கார், பொனட்டில் பெரிய 38. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வார்ப்பு என்று யாராவது சொன்ன பிறகுதான் தெரியும். ஸ்கைவார்ப்பின் கறுப்பும் ஊதாவும் அப்படியே, அவனுக்கென்று ஒரு குணம் உண்டு, இருந்த இடத்திலிருந்து மறைந்து வேறிடத்தில் தோன்றுவான்.

கறுப்பு ஒப்டிமஸின் கதை பிறகு வந்தது. 2000இல் ஜப்பானில் கறுப்பு கொன்வோய் என்று ஒருவன் வந்தான் (ஒப்டிமஸுக்கு அங்கே கொன்வோய் என்றுதான் பெயர்). 2001இல் அமெரிக்காவில் அவனே ஸ்கேர்ஜ் ஆனான். அந்தப் பொம்மையும் 1995இல் வந்த டேங்கர் லொறி ஒப்டிமஸுக்குக் கறுப்பு நிறம் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு நெமசிஸ் பிரைம் என்ற பெயரில், நல்ல ஒப்டிமஸ் எத்தனை உண்டோ அத்தனைக்கும் ஒரு கறுப்புக் கெட்டவன் வந்துகொண்டே இருக்கிறான். கதையில் அவனுக்குப் பெரிய வேலை இல்லை. நிழல், அவ்வளவுதான். என் கணக்கில் இது ஆள் மாறியதில் சேராது, சட்டை மாறியதில் சேரும்.

இனிப் பொம்மையைப் பற்றி. எம்.பி.-10இன் அழகு அதன் கோடுகளில் இருக்கிறது. மார்பைத் திறந்தால் உள்ளே மேட்ரிக்ஸ் (கதையில் தலைவன் சுமக்கும் சக்திப் பொருள்), முன்கண்ணாடி இரண்டும் மார்பாகவே நிற்கும், கால் பக்கத்தில் சின்னச் சின்னத் தட்டு வேலை. சிவப்பில் ஒவ்வொரு இடுக்கிலும் நிழல் விழுந்து அந்த வேலை தெரியும். கறுப்பில் நிழல் எங்கே விழும்? எங்கள் ஹட்டனில் பின்னேரம் நாலு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் கடைக்குள் டியூப் லைட்தான் கதி. அந்த வெளிச்சத்தில் கறுப்பு ஒப்டிமஸைத் தட்டில் நிறுத்தினால் தோளும் தலையும் மட்டும்தான் கண்ணுக்குப் பிடிபடும், இடுப்புக்குக் கீழே ஒரே கரி. தூசி மட்டும் நன்றாகத் தெரியும். லொறியாக மடக்கி வைத்தால் கதை வேறு. கறுப்பு லொறி கம்பீரமாகத்தான் இருக்கிறது. நான் அதை லொறியாகவே வைத்திருக்கிறேன்.

ஆகவே, அண்ணன் காசு என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அலுமாரிக்குள் மஞ்சள் பல்பு ஒன்று போடுங்கள். உங்கள் சம்பளம் என்றால் வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதை நாமெல்லாம் பார்த்தோம். அந்தக் காசில் நிழலை வாங்குவதை விட நீல நிறத் தண்டர்கிராக்கர் ஒன்று தேடுங்கள். ஸ்டார்ஸ்க்ரீமின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். டீச்சரம்மாவே இரண்டும் வேறு வேறு என்பார்.

கேள்வி: நிறம் மாற்றி வந்த ரொபோ ஒன்று வாங்கினேன் (என்ன ரகம் என்பதை விட்டுவிடுங்கள், புதியதுதான்). முதல் தரம் மடக்கியபோதே முழங்கால் மூட்டில் பெயின்ட் உரிந்து கீழே வேறு நிறம் தெரிகிறது. பழைய நிறத்தில் வந்த அதே பொம்மையில் இப்படி ஒரு கீறல் இல்லை. ஏமாற்று வேலையா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, ஏமாற்று இல்லை, சிக்கனம். எப்படி என்று சொல்கிறேன்.

பொம்மையின் துண்டுகளைத் தனித்தனியாக வார்ப்பதில்லை. ஓர் இரும்பு அச்சுக்குள் பத்துப் பதினைந்து துண்டுகளுக்குக் குழி இருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் எல்லாத் துண்டும் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும். ஒரு சட்டத்தில் வருவதெல்லாம் ஒரே நிறம். பொம்மையை முதன்முதலில் வரைகிறவர் இதை யோசித்துத்தான் பிரிப்பார்: நீலமாக இருக்க வேண்டியவை ஒரு சட்டத்தில், சிவப்பாக இருக்க வேண்டியவை இன்னொன்றில். அதனால் முதல் வெளியீட்டில் மூட்டு, கீல், உரசும் இடம் எல்லாம் பிளாஸ்டிக்கின் சொந்த நிறத்திலேயே இருக்கும். உரசினாலும் உள்ளேயும் அதே நிறம்.

நிறம் மாற்றும்போது அந்தப் பிரிவினை பொருந்தாது. தொடை கறுப்பு, முழங்கால் சாம்பல் என்று புதிதாகக் கேட்பார்கள்; இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கும். புது அச்சு வெட்டுவது பெரிய செலவு. அப்போது பெயின்ட் அடிப்பதுதான் வழி. பெயின்டுக்கும் ஒரு தடிப்பு உண்டு. இறுக்கமான கீலுக்குள் அந்தத் தடிப்புக்கு இடமில்லை, முதல் திருப்பிலேயே வழித்துக்கொண்டு வந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. கடையில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையில் முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலையும் முழங்கையையும் பாருங்கள். மினுமினுப்பு மற்ற இடத்திலிருந்து கொஞ்சம் மாறித் தெரிந்தால் அது பெயின்ட்.

உரிந்ததற்கு வைத்தியம்: மூட்டில் ஸ்குரு இருந்தால் கழற்றுங்கள், ஆணி அடித்த மூட்டு என்றால் கை வைக்காதீர்கள். உள்பக்கம், வெளியே தெரியாத முகத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. திரும்பப் பூட்டி ஆட்டிப் பாருங்கள். வெளியே உரிந்த இடத்தை அப்படியே விடலாம். நகப்பூச்சு வேண்டாம், அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையே தின்னும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். என் கடையில் வாட்சுக்குப் போடும் எண்ணெயைக்கூடப் பொம்மைக்கு நான் தொடுவதில்லை. சிலிக்கோன் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் குடியிருக்கிறோம். அட்டைப்பெட்டிகளில் பூஞ்சணம், ஸ்டிக்கர் ஓரம் கிளம்புகிறது, ஸ்குருவில் துரு. பூச்சி உருண்டை போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தங்கச்சி. நெப்தலீன் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஒளி ஊடுருவும் துண்டுகள் முதலில் கெடும்.

ஆறாயிரம் அடி உயரத்தில் சுவரே ஈரம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், வெளிச்சுவர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்துவையுங்கள். பெட்டிக்குள் ரப்பர் டயர் பிளாஸ்டிக்கை முட்டிக்கொண்டிருந்தால் நடுவே ஒரு துண்டுக் கடதாசி. இல்லாவிட்டால் வருடங்கள் போகப் போக டயரில் உள்ள எண்ணெய்த்தன்மை கசிந்து பிளாஸ்டிக்கில் குழி விழும். பற்றரி இருந்தால் வெளியே. வெயில் நாளில் பெட்டிகளைக் காயவைப்பது நல்லதுதான், பொம்மையை வெயிலில் வைக்காதீர்கள். வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் சீக்கிரம் மஞ்சளாகும்.

மஞ்சளானதை ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் வெளுக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். வெளுக்கும், ஆனால் பலருக்குத் திட்டுத் திட்டாக வருகிறது, நாளடைவில் மஞ்சளும் திரும்புகிறது. என் வெள்ளை ராட்செட்டை மஞ்சளாகவே விட்டிருக்கிறேன். பழைய அம்பியூலன்ஸ்தானே.

கேள்வி: மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போனபோது மகனுக்கு ஒரு கறுப்பு லொறி ரொபோ வாங்கிக் கொடுத்தோம். நீங்கள் சொல்லும் விலை கூடிய கறுப்பு ஒப்டிமஸ் இதுதானா?
– ஒரு தாய், உக்குவளை

பதில்: இல்லையம்மா, இது நகல். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பாதத்தின் அடியிலோ லொறியின் வயிற்றிலோ பாருங்கள். அசலில் ஹாஸ்ப்ரோ, தகரா அல்லது தகரா டோமி என்று சின்ன எழுத்தில் வருடத்தோடு வார்த்திருக்கும். நகலில் அந்த இடம் மொட்டையாக இருக்கும், அல்லது அழித்த தடம் தெரியும்.

ஆனால் அதை மகனிடமிருந்து பிடுங்கி அலுமாரியில் வைக்க வேண்டிய அவசியம் இல்லாத பொம்மை அது. அந்த விதத்தில் என்னுடையதை விட நல்லது. கூரான விளிம்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள், பற்றரி மூடிக்கு ஸ்குரு இருக்கிறதா என்று பாருங்கள். சுடும் ஏவுகணை இருந்தால் அதை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காகப் பெரிய கம்பெனிக்காரர்களே பழைய பொம்மைகளை மறுபடி வெளியிடும்போது மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வந்த ஒரு மறுவெளியீட்டில் ஒப்டிமஸின் புகைக்குழாய் இரண்டையும் குட்டையாக்கிவிட்டார்கள், அது குத்தும் என்று. சேகரிப்பவர்கள் இன்னும் அதற்குக் கோபத்தில் இருக்கிறோம்.

கேள்வி: தங்க நிறத்தில் வந்த சிறப்பு வெளியீடுகள் பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகுமா?
– ஒரு வாசகர், ஹப்புத்தளை

பதில்: தங்கப் பூச்சு என்றால் பரவாயில்லை. பிளாஸ்டிக்கே தங்க நிறம், உள்ளே மினுங்கும் துகள் சுழி சுழியாகத் தெரிகிறது என்றால் கவனம். 1980களின் கடைசியிலும் 90களிலும் வந்த அந்த வகைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தபடியே நொறுங்கும். தொட்டால் பிஸ்கட். விலை ஏறும் என்று வாங்குகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நான் அந்த வியாபாரத்தில் இல்லை.

கேள்வி: உங்களிடம் இருப்பதில் எதையாவது விற்பீர்களா?
– ஒரு வாசகர், கொட்டகலை

பதில்: விற்பதில்லை. 1984 ஸ்கைவார்ப் உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், வேறொன்றோடு மாற்றிக்கொள்ளலாம். அந்த விமானங்களின் கையும் இறக்கையும் தனியாகக் கழன்று வரும் என்பதால் முழுசாகக் கிடைப்பது அரிது. ஒரு கை இல்லாவிட்டாலும் பார்க்கலாம். இரண்டு கையும் இல்லையென்றால் பேரம் பேசுவேன்.