ஒரு வருடம் மறித்து வைக்கலாமா?

கேள்வி: என் மகன் தரம் 4 படிக்கிறான். 2022இல் தரம் 1இல் சேர்ந்தவன். இன்னமும் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறான். கழித்தல் கணக்கு என்றால் அழுகை. அடுத்த வருடம் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்பு. அதிபரிடம் கேட்டு, இதே வகுப்பில் ஒரு வருடம் மறித்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். கடல்தொழில் செய்கிற என் கணவர், “ஏத்தி விடட்டும், போகப் போக வரும்” என்கிறார். தரம் 3 படிக்கும் மகள் நன்றாக வாசிப்பாள். நான் என்ன செய்ய?
- ஒரு தாய், திருக்கடலூர், திருகோணமலை

பதில்: அன்புள்ள தங்கச்சி, மறிக்க வேண்டாம். ஆனால் போகப் போகத் தானாக வரும் என்பதையும் நான் நம்பவில்லை.

உங்கள் கடிதத்தில் 2022 என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்த வருடம் அது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளும் வாரக்கணக்கில் மூடின. ஒரு பிள்ளைக்கு எழுத்தின் கொம்பும் காலும் பிடிபட வேண்டிய நேரத்தில் உங்கள் மகனுக்கு வகுப்பு ஒழுங்காக நடக்கவில்லை. மகள் தரம் 1க்குப் போனது அடுத்த வருடம். இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்காவது அந்த வருடத்தால் வந்தது. இதை அவன் காதுபடச் சொல்லுங்கள், தான் மொக்கு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

இப்போது பாருங்கள். அவன் விட்டது தரம் 1, 2 பாடம். தரம் 4இல் மறித்தால் அவனுக்குத் திரும்பக் கிடைப்பது தரம் 4 பாடம். அதே ஆசிரியர், அதே புத்தகம். ஓட்டை ஒரு பக்கம், ஒட்டுவது இன்னொரு பக்கம் என்றால் வள்ளத்துக்குள் தண்ணீர் வருவது நிற்குமா?

இன்னொன்று. மறித்தால் அடுத்த வருடம் அவனும் அவன் தங்கச்சியும் ஒரே வகுப்பு. நான் படித்த காலத்தில் மறிப்பது சாதாரணம். என் வகுப்பில் அப்படி மறிக்கப்பட்ட ஒரு பையன், தம்பி முன் வாங்கில் இருக்கக் கடைசி வாங்கில் இருந்தான். அந்த வருடம் அவன் வாய் திறந்து வாசித்ததை நான் கேட்டதே இல்லை. பிறகு ஒருநாள் வராமல் விட்டான். முப்பது வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்த எனக்கு இன்றும் அந்தப் பிள்ளையின் முகம் மறக்கவில்லை.

வயதையும் எண்ணுங்கள். நம் நாட்டில் 2016 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. மறித்தால் அவன் 16ஐத் தாண்டும்போது சாதாரண தரப் பரீட்சை இன்னும் முன்னாலேயே நிற்கும். கடற்கரை ஊரில் அந்த வயதுப் பையனைத் தொழில் எப்படி இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1996 முதல் சோதனைப் புள்ளி குறைந்த பிள்ளைகளை மறித்தார்கள். ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்ததில் தரம் 3 பிள்ளைகளுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை, தரம் 6 பிள்ளைகள் இன்னும் பின்தங்கினார்கள். அதே நாட்டின் புளோரிடா மாநிலத்தில் மறித்தபோது ஆரம்பத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது உண்மை. அங்கே மறித்த பிள்ளைகளுக்கு விடுமுறையில் வாசிப்பு வகுப்பும், தினமும் கூடுதல் வாசிப்பு நேரமும் கொடுத்தார்கள். அந்த உதவியைக் கொடுக்க ஏன் மறிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

சரி, இன்று பின்னேரமே தொடங்கலாம். அக்கம்பக்கத்தில் தரம் 1, தரம் 2 தமிழ்ப் புத்தகங்களை வாங்குங்கள். மகள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவனை வாசிக்க விடுங்கள், திருத்த வேண்டாம். எங்கே தடுமாறுகிறான் என்று மட்டும் ஒரு கொப்பியில் குறியுங்கள். பெரும்பாலும் கெ, கே என்ற ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பிலும், கொ, கோ, கௌ மூன்றிலும் நிற்பார்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். கழித்தலுக்கு ஈர்க்கு எடுங்கள். பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். 32இல் 15ஐக் கழிக்க அவனே ஒரு கட்டை அவிழ்க்கட்டும். ‘கடன் வாங்குவது’ என்றால் என்ன என்று கை சொல்லிக் கொடுக்கும்.

அந்தக் கொப்பியோடு வகுப்பாசிரியரைக் காணுங்கள். “பிள்ளை வாசிக்கிறான் இல்லை” என்று சொல்லாமல், “இந்த எழுத்துகளில் நிற்கிறான், பரிகாரக் கற்பித்தல் வேண்டும்” என்று, அதாவது விட்ட பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கும்படி கேளுங்கள். குறிப்பாகக் கேட்கிற தாய்க்குக் குறிப்பாகத்தான் பதில் சொல்ல வேண்டிவரும். கண்ணையும் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தார் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 4 பிள்ளைகளைப் பார்ப்பது வழக்கம். அவனுக்கு நடந்ததா என்று விசாரியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைப் படிப்பு வராத பிள்ளை என்று நானே ஒருமுறை நினைத்திருக்கிறேன்.

புலமைப்பரிசில் ரியூசனுக்கு இப்போது அனுப்ப வேண்டாம். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு அங்கே கிடைப்பது பயம்தான். வெட்டுப்புள்ளி எடுக்காதவர்களும் தரம் 6க்குப் போகிறார்கள். உங்கள் கணவர் கரையில் இருக்கிற நாட்களில் ஒரு பக்கமாவது மகன் அவர் மடியில் இருந்து வாசிக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எந்த எழுத்தில் நின்றான், இப்போது எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறான் என்று எழுதுங்கள்.