வரலாறு மேஜர், கையில் ஒரே ஒரு உயிரியல் பாடம்

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வரலாறுதான் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். 1918 இன்ஃப்ளூயன்சா சமயத்து ஃபிலடெல்ஃபியா பற்றி ஆய்வேடு எழுத ஆரம்பித்தவள், இப்போது எம்.டி.-பிஎச்.டி. (டாக்டர் படிப்பும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்தது) சேர வேண்டும் என்கிறாள். அறிவியலில் எடுத்திருப்பது ஒரு உயிரியல் பாடம்தான். மேஜரை மாற்றச் சொல்லவா? எட்டு வருஷம் என்கிறார்களே, செலவு தாங்குமா?
– ஒரு அம்மா, எடிசன்

பதில்: அன்புள்ள சகோதரி, மேஜரை மாற்றச் சொல்லாதீர்கள். மூன்றாம் ஆண்டில் மாற்றினால் வரலாறும் அரைகுறை, உயிரியலும் அரைகுறை என்று ஆகிவிடும்.

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் ஊர் எம்.பி.பி.எஸ். இருக்கும் இடம். அதற்கு எந்த மேஜரும் செல்லும். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் லேபோடு முடித்திருக்க வேண்டும், உயிர்வேதியியலும் பல இடங்களில் கேட்கிறார்கள். பொது வேதியியல் முடிந்தால்தான் கரிம வேதியியல், அது முடிந்தால்தான் உயிர்வேதியியல். சாதாரணமாக இரண்டு வருஷம் ஆகும். அறிவியல், கணிதப் பாடங்களுக்கு விண்ணப்பத்தில் தனி சராசரி போடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்தப் பாடங்கள் குறைவு என்பதால், ஒன்றில் சறுக்கினாலும் சராசரி நன்றாகவே இறங்கும். ஆகவே ஒரே செமஸ்டரில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். பட்டம் வாங்கியபின் ஓரிரு வருஷம் இதற்கென்றே ஒதுக்குபவர்கள் நிறையப் பேர். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் அதற்கப்புறம். அதில் நான்கில் ஒரு பகுதி முழுக்க வாசித்துப் புரிந்துகொள்வதுதான். ஆவணங்களில் புரண்டவளுக்கு அது சிரமமாக இருக்காது.

இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லோரும் புற்றுநோய் ஆய்வாளர் ஹெரால்டு வார்மஸைக் காட்டுவார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி இரண்டு முறை வேண்டாம் என்றது, கொலம்பியா சேர்த்துக்கொண்டது. 28 வயதில்தான் ஆய்வகத்தில் ஒழுங்காக நுழைந்தார், 1989-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. நல்ல கதைதான். ஆனால் அவர் பிஎச்.டி. செய்யவே இல்லை, காலமும் வேறு. இன்று ஆய்வு அனுபவம் இல்லாமல் எம்.டி.-பிஎச்.டி. கதவைத் தட்டிப் பயனில்லை.

உங்கள் மகள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, பிஎச்.டி. எதில் என்பதை. கடிதத்தில் அது இல்லை. 1918 செப்டம்பர் 28-ல் ஃபிலடெல்ஃபியாவில் போர்க் கடன்பத்திர ஊர்வலம் நடந்தது, சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. காய்ச்சல் பரவுவது தெரிந்தும் ஊர்வலத்தை ஏன் நிறுத்தவில்லை என்பது அவளைக் குடைந்தால் அது வரலாறு. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு, எவ்வளவு வேகத்தில் பரவியது என்றால் தொற்றுநோயியல். கிழவர்களை விட்டுவிட்டு இருபது, முப்பது வயதுக்காரர்களை அந்த வைரஸ் ஏன் அப்படி வாரிக்கொண்டு போனது என்றால் அது ஆய்வகத்து வேலை, எதிர்ப்பாற்றலியல்.

முதல் கேள்வி என்றால் வரலாற்றை விடவே வேண்டாம். ஹார்வர்ட், பென்சில்வேனியா போன்ற சில பல்கலைக்கழகங்களில் சமூக அறிவியல் பக்கம் பிஎச்.டி. செய்துகொண்டே எம்.டி. படிக்கலாம். ஹெய்ட்டியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த பால் ஃபார்மர் ஹார்வர்டில் அப்படி மானுடவியலில் பிஎச்.டி. வாங்கியவர்தான். இடங்கள் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது என்றால் ஒரு லேபில் ஒன்றிரண்டு வருஷம் உட்கார வேண்டும். கோடை விடுமுறைக்கு ஆறு வாரம் போய் வந்தது போதாது.

எம்.டி.-பிஎச்.டி. சேர்க்கை நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பையன், மதிப்பெண் எல்லாம் பிரமாதம். “இந்தச் சோதனையை ஏன் இப்படிச் செய்தாய்?” என்றேன். “புரொஃபசர் சொன்னார்” என்றான். அப்புறம் பேச எதுவும் இல்லை. அதே நாள் வந்த ஒரு பெண், ஏழு மாதம் செய்த சோதனை ஏன் சொதப்பியது என்று காகிதம் கேட்டு வாங்கிப் படம் போட்டு விளக்கினாள். நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. விண்ணப்பத்தில் ஆய்வைப் பற்றி மட்டும் 10,000 எழுத்துக்குறிகள் வரை ஒரு கட்டுரை கேட்கிறார்கள். அந்தப் பையன் அதில் என்ன எழுதியிருப்பான்?

செலவுக்கு வருகிறேன். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1964 முதல் இதற்கென்றே பணம் தருகிறது. பெரும்பாலான இடங்களில் கட்டணமும் இல்லை, மாதச் செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. அரசுப் பணத்துக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், உங்கள் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமூக அறிவியல் பக்கம் பணம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். ஆனால் இலவச எம்.டி. என்று நினைத்து யாரும் இதில் இறங்கக் கூடாது. ஏழெட்டு வருஷம், அதன்மேல் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, எல்லாம் முடியும்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பாள். டாக்டராகச் சம்பாதித்திருக்கக்கூடிய வருஷங்களைக் கணக்குப் போட்டால் கடன் வாங்கி எம்.டி. மட்டும் படிப்பதே லாபம். (கல்யாணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆச்சரியம்தான். பிஎச்.டி. வருஷங்களில் கல்யாணம் செய்து பிள்ளையும் பெற்றவர்களை எனக்குத் தெரியும்.)

இப்போதைக்கு அடுத்த செமஸ்டரில் பொது வேதியியல், லேபோடு. ஆய்வேட்டை வழிநடத்தும் பேராசிரியரிடம், பொது சுகாதாரத் துறையில் தனக்கு ஏற்றவர் யார் என்று அவளே கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம், அம்மா எழுதிய மெயில் என்றால் அங்கே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.