மூன்றாம் முறை கேட்ட டிரா

அன்புள்ள ஐயா,

13 வயதுக்குட்பட்டோர் செஸ் போட்டியில் என் மகனுக்கு யானை முடிவாட்டம் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம்), ஒரு சிப்பாய் குறைவு. ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் காயை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்திவிட்டு டிரா கேட்டானாம். நடுவர் மறுத்துவிட்டார். இன்னும் நாற்பது மூவ் ஆடி, கடைசியில் டிராதான். நடுவர் செய்தது சரியா?

ஒரு தாய், ஈரோடு

அன்புள்ள அம்மா,

சரிதான். மூன்றாம் முறை தன் மூவால் வரப்போகிறதென்றால் அதைப் பலகையில் ஆடக் கூடாது. தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் சொல்ல வேண்டும். எதிராளியின் மூவால் வந்துவிட்டால், தன் முறையில் எந்தக் காயையும் தொடுமுன் கேட்க வேண்டும். மகன் கடிகாரத்தை அழுத்தியதுமே, கேட்கும் உரிமை எதிராளிக்குப் போய்விட்டது. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவன் ஏன் கேட்கப்போகிறான்? ஐந்தாம் முறை வந்தால் மட்டும் யாரும் கேட்காமலே டிரா.

பிள்ளைகள் தடுமாறுவது எண்ணிக்கையில். ஆட்டம் தொடங்கியதும் இருவரும் குதிரையை எஃப்3, எஃப்6 கட்டங்களுக்குக் கொண்டுபோய், ஜி1, ஜி8-க்கே திருப்பினால் அது இரண்டாம் முறை. தொடக்க நிலையே முதல் முறை! இன்னொரு தடவை போய்வந்தால் மூன்று. அடுத்தடுத்து வர வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) உரிமையுள்ள ராஜா இடையில் ஒரு அடி வைத்துத் திரும்பியிருந்தால், காய்கள் அப்படியே நின்றாலும் நிலை வேறு. நீண்ட நேர ஆட்டத்தில் தவறாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்; எழுதிய மூவையும் ஆடியே ஆக வேண்டும்.

உண்மையில் இந்த வகை முடிவாட்டத்தில் நிலை திரும்பி வருவதை நம்பியிருக்கத் தேவையில்லை. பிலிடோர் தற்காப்பைச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளைச் சிப்பாய் ஈ5-ல், கறுப்பு ராஜா ஈ8-ல் என்று வையுங்கள். கறுப்பு யானை 6-ஆம் வரிசையில் அசைந்துகொண்டே வெள்ளை ராஜாவை உள்ளே விடாமல் தடுக்கும். சிப்பாய் ஈ6-க்கு ஏறிய அடுத்த மூவிலேயே யானை 1-ஆம் வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்க வேண்டும். ராஜா ஒளிய வேண்டிய ஈ6 கட்டத்தில் அதன் சிப்பாயே நிற்பதால் செக்கிலிருந்து தப்ப இடமில்லை. அவசரப்பட்டு, சிப்பாய் ஈ5-ல் இருக்கும்போதே யானையை இறக்கினால் ராஜா ஈ6-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் டிரா எடுப்பது பெரும்பாடு.