இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தும் விடிந்ததும் தெம்பு வருவது ஏன்?

நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாலு மணிக்கு டீ குடித்தாலும் கீபோர்டிலேயே தலை சாயும், ஆனால் ஏழு மணிக்கு வெளியே வந்து வெயில் முகத்தில் பட்டதும் தூக்கத்தைக் காணோம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், கண்ணைச் சொக்க வைப்பது அதுதான். இதற்குச் சம்பந்தமில்லாமல் சுமார் 24 மணி நேரச் சுற்றில் உடல் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. விடியற்காலை 4, 5 மணி வாக்கில் உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும், இரவில் சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனினும் வடிந்திருக்காது, இரண்டும் சேர்ந்து ஆளை அமுக்கிவிடும். அப்புறம் வெளிச்சம் வந்ததும் மெலடோனின் இறங்கி, உடலை உசுப்பும் கார்டிசால் ஹார்மோன் ஏறி, கடிகாரம் பகல் என்று அறிவித்துவிடுகிறது. அடினோசின் பாக்கி மட்டும் ஒரு பைசா குறையாமல் அப்படியே நிற்கும்.

அந்தத் தெம்பை நம்பி ஒருநாள் பைக்கை எடுத்தேன், சிக்னலில் நின்றபடியே கண் அசந்துவிட்டது, பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத்தான் முழித்தேன். இப்போதெல்லாம் பஸ்தான்.