பச்சையும் இளவேனிலும்: டீச்சரின் பதில்கள்

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். பழைய பாட்டுகளில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று தேடுவது என் கிறுக்கு. பச்சை நிறம் எதற்கு அடையாளம், வசந்தத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ராசி, வாஸ்து என் பாடத்திட்டத்தில் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தும்பி: டீச்சர், உலகம் முழுக்கப் பச்சை என்றால் வசந்தம், புதுவாழ்வு, நம்பிக்கை என்கிறார்களே. எல்லா மக்களுக்கும் எப்படி ஒரே அர்த்தம் வந்தது?

பதில்: வரவில்லை. "எல்லாப் பண்பாடுகளிலும் இந்த நிறம் இதைக் குறிக்கும்" என்று தொடங்கும் எதையும் நம்பாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி மூடும் நாடுகளில் மாதக்கணக்கில் மரங்கள் மொட்டையாக நிற்கும், மண் கல்லாக உறைந்திருக்கும். மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகி, வெயில் ஏற ஏறப் புல் தலைகாட்டும். அவர்களுக்குப் பச்சையும் வசந்தமும் ஒன்றாகவே வருகின்றன, அதனால் ஒன்றுக்கு ஒன்று அடையாளமாகிவிட்டது. எகிப்தைப் பாருங்கள். செத்துப் பிழைத்த தெய்வமான ஒசிரிஸைப் பச்சைத் தோலோடு வரைந்தார்கள். ஆனால் அந்தப் பச்சை வசந்தத்தில் வந்ததல்ல. கோடையில் நைல் பெருகி, வெள்ளம் வடிந்த வண்டலில் விதைத்த பிறகு வந்தது. குர்ஆனில் சொர்க்கவாசிகள் உடுத்துவது பச்சைப் பட்டு. பாலைவெயிலில் வாழ்ந்தவர்களுக்கு நிழலும் தண்ணீரும் இருக்கிற இடத்தில்தான் பச்சை. ஆக, எது இல்லாமல் தவித்தார்களோ அது தீரும்போது கண்ணில் படுகிற நிறம் இது. பனி தீர்ந்தாலும் சரி, வெள்ளம் வடிந்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி.

இன்னொன்று. சீனாவில் ஒருவர் தலையில் பச்சைத் தொப்பி என்றால் மனைவி அவரை ஏமாற்றுகிறாள் என்று கேலி. நம்பிக்கையின் நிறம் என்று நினைத்துப் பரிசளித்துவிடாதீர்கள்.

மாடித்தோட்டம்: டீச்சர், என் மாஞ்செடியில் புது இலையெல்லாம் செம்பு நிறத்தில் துவண்டு தொங்குகிறது. நோயா? மருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். அது தளிர். மாந்தளிர் பிறக்கும்போது பச்சையாக இருக்காது. அதில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி நிறைந்திருக்கும். பச்சையம் முழுதாகச் சேராத மெல்லிய இலையைக் கடும் வெயிலிலிருந்து காப்பது அதன் வேலைகளில் ஒன்று. தொட்டுப் பாருங்கள், ஈரத் துணி போல வழவழவென்று தொங்கும், விறைப்பே இருக்காது. சில வாரங்களில் வெளிறி, பிறகு பச்சையாகி, விறைத்துக்கொள்ளும். அரசந்தளிரும் வேப்பங்கொழுந்தும் இதே கதைதான். நம் ஊர் மரங்களுக்கு இளமையின் நிறம் சிவப்பு, பச்சை என்பது நடுவயது.

நெடுஞ்சாலை: சிக்னலில் பச்சை "போகலாம்" ஆனதும் வசந்தத்தால்தானா?

பதில்: இல்லவே இல்லை. பிரிட்டனின் பழைய ரயில் பாதைகளில் சிவப்பு ஆபத்து, பச்சை எச்சரிக்கை, வெள்ளைதான் "வழி சரி". சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் வெள்ளை விளக்கு "போ" என்று பொய் சொல்லும். இப்படிப்பட்ட சிக்கல்களால் வெள்ளையைக் கைவிட்டு, பச்சையை அந்த இடத்துக்கு ஏற்றினார்கள். 1868இல் லண்டன் பாராளுமன்றம் அருகே வைத்த முதல் சாலை விளக்கிலும் பச்சைக்கு "பார்த்துப் போ" என்றுதான் பொருள். அது வாயு விளக்கு. அடுத்த மாதமே, 1869 ஜனவரியில், வெடித்தது.

அந்திமந்தாரை: ஈரானியர் புத்தாண்டுக்கு முளைப்பாரி போல ஏதோ வைப்பார்களாமே, அக்கா?

பதில்: ஆமாம். நவ்ரூஸ். சூரியன் சமநாளைத் தொடும் அந்தக் கணத்தில் பிறக்கும் ஆண்டு. கோதுமையையோ பருப்பையோ தட்டில் முளைக்கவைத்து மேசையில் வைப்பார்கள், பதின்மூன்றாம் நாள் ஓடும் நீரில் விடுவார்கள். நம் முளைப்பாரியும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்களுடையது வெளிச்சத்தில் வளர்வதால் பச்சைப் பசேல். நம்முடையதை இருட்டறையில் வளர்ப்பதால் தலை தூக்கும்போது வெளிர்மஞ்சள்தான். பூக்கும் தாவரங்களுக்கு வெளிச்சம் படாமல் பச்சையம் உருவாகாது. வெளிச்சத்தைத் தேடி வேகமாக நீள்வதால்தான் அந்த உயரமும். முளைப்பாரி சட்டியை வெயிலில் ஒரு பகல் வைத்துப் பாருங்கள், நுனியிலிருந்து பச்சை ஏறத் தொடங்கிவிடும். செழிப்புக்கான சடங்கில் நாம் சுமப்பது பச்சையே இல்லாத பயிர்!

ஏட்டுச்சுவடி: தலைப்பிலேயே பிழை, டீச்சர். தமிழ்நாட்டில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. கொளுத்துகிற வெயிலில் பச்சை எங்கே இருக்கிறது? இதெல்லாம் மேல்நாட்டு வாழ்த்து அட்டைப் பேச்சு.

பதில்: வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். பாதி சரி, பாதி தப்பு.

சரியான பாதி: நம் நிலம் பசேலென்று இருப்பது மழைக்குப் பிறகு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கார்த்திகை, மார்கழியில் வயலைப் பார்த்தவர் பங்குனியில் வந்து பார்த்தால் தாள்கட்டைதான் மிச்சம். நம் கவிதை மரபும் இதை அறிந்தே பிரித்திருக்கிறது. காடும் காத்திருப்பும் சேர்ந்த முல்லைத் திணைக்குக் கார்காலம். போனவன் திரும்பி வரும் காலம் அது. மேல்நாட்டுப் பாட்டில் வசந்தம் செய்கிற வேலையை இங்கே செய்வது கார். வேனிலையோ தொல்காப்பியம் பாலைக்குக் கொடுத்துவிட்டது, அதாவது பிரிவுக்கு. இளவேனில் வந்தால் குதூகலம் என்பது நம் திணை இலக்கணத்தில் இல்லை.

தப்பான பாதி: வெயிலில் பச்சை வராது என்பது. வறண்ட இலையுதிர் காடுகளில் பல மரங்கள் மழைக்குக் காத்திருப்பதில்லை, கோடையிலேயே துளிர்த்துவிடும். புங்கமரத்தைப் பாருங்கள். பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, சுற்றிலும் புல் கருகிக் கிடக்கும்போதே புத்திலை போர்த்துக்கொள்ளும். ஆழத்து ஈரத்தை வேர் தொட்டிருக்கிறது. பலன் என்ன தெரியுமா? மழையோடு புழுவும் பூச்சியும் பெருகும்போது இலை ஏற்கெனவே முற்றியிருக்கும். முதுமலைக் காட்டில் நடந்த, 1993இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது: முந்தித் துளிர்த்த மரங்களைவிடப் பிந்தித் துளிர்த்தவற்றைப் பூச்சிகள் அதிகம் தின்றிருந்தன.

ஏட்டுச்சுவடி: இளவேனிலில் குதூகலம் இல்லையா? ஐங்குறுநூற்றில் "இளவேனிற் பத்து" என்று ஒரு பகுதியே இருக்கிறதே!

பதில்: இருக்கிறது. ஓதலாந்தையார் பாடியது. எந்தத் திணையில் என்று பாருங்கள்: பாலை. பத்துப் பாட்டும் தொடங்குவது "அவரோ வாரார், தான் வந்தன்றே" என்று. அவர் வரவில்லை, இந்தப் பருவம் மட்டும் வந்து தொலைத்தது என்கிறாள். இதுவா குதூகலம்?

அப்புறம், அந்தப் பத்தில் வசந்தத்துக்குச் சாட்சியாக வருபவர்களைப் பாருங்கள். குயில் கூவுகிறது, கோங்கின் மொட்டு உடைகிறது, குரவம், பாதிரி, கடைசியில் வேம்பின் பூ. எல்லாம் பூவும் குரலும். தளிர் வருகிற இடம் ஒன்றில் மாமரம், அதன் தளிரை "எரிகால் இளந்தளிர்" என்கிறார். தீயைக் கக்குகிற தளிர். மாடித்தோட்டக்காரர் மருந்து அடிக்கப் பார்த்தாரே, அதே செம்புத் தளிர்தான். பச்சை நிறத்துக்கு அந்தப் பாட்டில் வேலையே இல்லை. அந்தக் கவிஞர் மரத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்.

வைகைக்கரை: குறுக்கிடுகிறேன். கார்காலம் ஆவணி, புரட்டாசி. ஆனால் நீங்கள் சொன்ன பெருமழை ஐப்பசியில்தானே தொடங்குகிறது? கணக்கு இடிக்கிறதே, டீச்சர்.

பதில்: நல்ல கேள்வி, இன்றைய கேள்விகளில் இதுதான் என்னை நிமிர வைத்தது. நான் வயலைச் சொன்னேன், முல்லையோ காடும் மேய்ச்சல் நிலமும். உள்மாவட்டங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயங்காலம் இடியோடு கொட்டும். ஏரி நிரம்ப அது போதாது, புல் முளைக்கவும் மானாவாரிக்கும் போதும். மாடு மேய்ப்பவனுக்குப் பச்சை வருவது உழவனுக்கு முன்னால். முல்லைக்குப் பெரும்பொழுது (பருவம்) கார், சிறுபொழுது (நாளில் ஒரு வேளை) மாலை என்று வைத்ததில், நான் இந்தச் சாயங்கால மழையைப் பார்க்கிறேன். இது என் வாசிப்பு, உரையாசிரியர் சொன்னதல்ல.

ஏட்டுச்சுவடி: சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை? தென்றல் வருகிறது, குயில் கூவுகிறது, மன்மதன் ஆட்சி!

பதில்: அந்தக் காதையில்தான் மாதவி எழுதிய மடலைக் கோவலன் வாங்க மறுக்கிறான். என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள், நன்றி.

குறிஞ்சிப்பூ: பசலை என்பது பச்சை நிறமா? குறளில் ஓர் அதிகாரமே உண்டல்லவா?

பதில்: 119ஆம் அதிகாரம், பசப்புறு பருவரல். பிரிவில் வாடுபவள் மேனியில் படரும் நிறமாற்றம்தான் பசலை. சங்கப் புலவர்கள் அதற்கு உவமை சொன்னது பீர்க்கம்பூவை. கொடியில் பூ பார்த்திருந்தால் தெரியும், மஞ்சள்.

பால்கனி: டீச்சர், மாஞ்செடி இலை சிவப்பாக...

பதில்: மேலே படியுங்கள்.

ஜன்னலோரம்: பச்சையைப் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு என்பது உண்மையா?

பதில்: பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு அதிகம் உறைக்கும் ஒளி சுமார் 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. பச்சை பளிச்சென்று தெரிவது அதனால். ஓய்வு வேறு விஷயம். பக்கத்தில் பார்த்துப் பார்த்து இறுகிய கண் தசை, தொலைவில் பார்க்கும்போது தளர்கிறது. மரம் பெரும்பாலும் தொலைவில் நிற்கிறது, பெயரைப் பச்சை தட்டிக்கொண்டு போகிறது. செல்பேசித் திரையைப் பச்சையாக்கி ஒரு பயனும் இல்லை.

பழையவீடு: பச்சை இயற்கையின் நிறம், அதனால் கெடுதல் செய்யாத நிறம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

பதில்: மறுபடியும் பட்டியல் கட்டுரையா? 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பும் ஆர்செனிக்கும் சேர்த்து ஓர் அழகான பச்சைச் சாயம் செய்தார். பிறகு இன்னும் பளிச்சென்ற இன்னொரு ஆர்செனிக் பச்சையும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள், துணிப்பூ, கவுன் எல்லாவற்றிலும் வசந்தத்தின் நிறம் என்று ஏற்றினார்கள். அந்தப் பூக்களைச் செய்த தொழிலாளிப் பெண்களுக்குத் தோல் புண்ணாகி, நோய் வந்து, சாவும் நேர்ந்தது. அந்த இரண்டாவது பச்சையைப் பின்னாளில் உருளைக்கிழங்கு வண்டைக் கொல்ல வயலில் தூவினார்கள். அந்தக் காலத்துப் பச்சை அட்டைப் புத்தகமோ சுவர்த்தாளோ கையில் கிடைத்தால் சுரண்டாதீர்கள், தூசியை முகராதீர்கள், கையைக் கழுவுங்கள்.

சுபம்: புதனுக்குப் பச்சை உகந்ததா, மேடம்? எந்தத் திசைச் சுவருக்கு அடிக்கலாம்?

பதில்: முதல் பத்தி.

பொன்வண்டு: டீச்சர், என் ராசிக்குப் பச்சை...

பதில்: முதல் பத்தி, கடைசி இரண்டு வரிகள்.

ஏட்டுச்சுவடி: வேனிற்காதையை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கலித்தொகையின் பாலைப் பகுதியான பாலைக்கலியில் இளவேனில் பாட்டுகள் நிறைய உண்டு. காமன் விழாவும் அதில் வருகிறது. விழா என்றால் குதூகலம்தானே?

பதில்: விழா நடப்பது உண்மை. அதைப் பாடுபவள் யாருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டு, ஒவ்வொரு பாட்டாக எடுங்கள். தளிர், பூ என்று வருமிடத்திலெல்லாம் நிறத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ணிக் கொண்டுவாருங்கள், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம்.

மொட்டைமாடி: டீச்சர், மாஞ்செடி...

பதில்: மருந்து வேண்டாம்!